எந்தக் கால் முன்னே?

ஹனோவர்
19 ஜனவரி 2025

ஜசிந்தா அவர்களுக்கு,

குமுதினி எழுதுவது. நிருஜனின் அக்கா என்று உறையில் எழுதினால் பிரிக்காமலே குப்பையில் போட்டுவிடுவீர்களோ என்று பயந்து வெறும் பெயரை மட்டும் எழுதினேன்.

உங்கள் விலாசம் மூன்று வருடத்துக்கு முன் வந்த பார்சலில் இருந்தது. விவாகரத்து முடிந்த கையோடு, கல்யாணத்துக்கு நான் தந்த பிரஷர் குக்கரைத் திருப்பி அனுப்பினீர்களே, அந்தப் பார்சல். விசில் இல்லாமல் வந்தது. தபாலில் எங்கேயோ விழுந்திருக்கும். அதைக் கேட்க நான் எழுதவில்லை. தம்பியைப் பற்றிக் கதைக்கவும் எழுதவில்லை.

ஒரு ஸ்நோபோர்ட் பற்றிக் கேட்கத்தான் எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம். டிசம்பரில் எங்கள் ஆஸ்பத்திரி வாட்டில் வேலை செய்யும் தாதிமார் எல்லோரும் ஹார்ஸ் மலைக்கு, பிரவுன்லாகேக்குப் போனோம். பனியில் சறுக்க மற்றவர்கள் ஸ்கீ எடுத்தார்கள். இரண்டு பலகையும் இரண்டு தடியும் யார் தூக்குவது, இரண்டு காலையும் குறுக்காகப் பூட்டுகிற ஒரு பலகை போதும் என்று நான் ஸ்நோபோர்ட் எடுத்தேன். நாள் முழுக்க விழுந்தேன். அடுத்த நாள் சீப்பால் தலை இழுக்கக் கை தூக்க முடியவில்லை. ஆனால் பின்னேரம் ஒரே ஒரு தடவை, விழாமல் கொஞ்சத் தூரம் போனேன். அதோடு எனக்கு விசர் பிடித்துவிட்டது. இப்போது பாலத்துச் சரிவைக் கண்டாலும் இதில் பனி கிடந்தால் எப்படி இறங்கலாம் என்றுதான் யோசிக்கிறேன். எனக்கு நாற்பத்தேழு வயது.

இவர் பாவம், பழைய சாமான் விற்கும் இணையத்தளத்தில் ஒரு பலகை வாங்கித் தந்தார். நூற்று அறுபத்திரண்டு சென்டிமீட்டர். என் உயரம் நூற்று ஐம்பத்திமூன்று. "பெரிசா வாங்கினால் கனகாலம் பாவிக்கலாம்" என்றார். சப்பாத்தும் ஓர் அளவு பெரிது. இரண்டு முறை போய் வந்தேன், முதல் நாளை விட மோசம். யூடியூபில் ஒருவர் பலகை நாடி வரைக்கும் வர வேண்டும் என்கிறார், இன்னொருவர் மூக்கு வரைக்கும் என்கிறார்.

பனிச்சறுக்குக் கடையில் வேலை செய்கிறவர், இதெல்லாம் தெரிந்தவர் என்று எனக்கு உங்களைத்தான் தெரியும். எனக்கு எது பொருத்தம் என்று சொல்வீர்களா? பதில் போட விருப்பமில்லையென்றால் விடுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். நினைப்பேன்தான். ஆனால் காட்டிக்கொள்ள மாட்டேன்.

குமுதினி

---

சொன்ட்ஹோஃபன்
25 ஜனவரி 2025

குமுதினி அக்காவுக்கு,

"அவர்களுக்கு" என்று பார்த்ததும் இன்னும் ஏதோ வழக்கறிஞர் கடிதம் பாக்கி இருக்கிறது என்று பயந்துவிட்டேன். எட்டு வருடம் நீர், உமக்கு என்று உரிமையோடு கூப்பிட்டவர் "நீங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, நானும் அக்கா என்றே எழுதுகிறேன். பேர்லின் தமிழ்க் கடையில் முன்பின் தெரியாதவர்களையும் அக்கா என்றுதானே கூப்பிடுகிறோம்.

முதலில் அந்தப் பலகையை விற்றுவிடுங்கள். அது எண்பத்தைந்து, தொண்ணூறு கிலோ ஆள் ஒருவருக்குச் செய்தது. நீங்கள் அந்த இரண்டு முறையும் ஒரு கதவில் ஏறி மலை இறங்கியிருக்கிறீர்கள். அதில் கொஞ்சத் தூரமாவது நின்றீர்கள் என்றால், இந்தப் பட்டறையில் என்னோடு வேலை செய்பவர்கள் எழுந்து நின்று கை தட்ட வேண்டும்.

நாடி, மூக்கு எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். பலகைக்கு உங்கள் உயரம் தெரியாது, பாரம்தான் தெரியும். உண்மையான பாரத்தை எழுதுங்கள். சப்பாத்து உங்கள் சரியான அளவில் வேண்டும், ஒரு சோடி காலுறையோடு. நிமிர்ந்து நின்றால் விரல் முன்பக்கத்தைத் தொட வேண்டும், முழங்காலை மடித்தால் விட வேண்டும். எங்கள் ஆட்கள் வளரும் பிள்ளைக்கு வாங்குகிற மாதிரியே எல்லாவற்றையும் பெரிதாக வாங்குவார்கள். உள்ளே குதிகால் எழும்பினால் நீங்கள் சொல்வது பலகைக்குக் கேட்காது.

இனிக் கேள்விகள். எந்தக் காலை முன்னே வைக்கிறீர்கள்? விழுவது முன்பக்கமா, பின்பக்கமா? விழாமல் போன அந்தக் கொஞ்சத் தூரத்தில் உங்களுக்கு எது பிடித்தது? கடைசிக் கேள்விக்கு நன்றாக யோசித்து எழுதுங்கள். ஒருவருக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பலகை ஒரு பருவத்தில் மாற்றிவிடும். அவருக்கு என்ன பிடிக்கும் என்பதை மாற்றாது.

குக்கரைக் கோபத்தில் அனுப்பவில்லை. வீட்டைக் காலி செய்தபோது எது என்னுடையது, எது உங்கள் குடும்பத்துடையது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

ஜசிந்தா

---

ஹனோவர்
2 பெப்ரவரி 2025

ஜசிந்தா,

சரி, நீர் என்றே எழுதுகிறேன். எனக்கும் அந்த "நீங்கள்" எழுதக் கை கூசியது.

பாரம் அறுபத்து மூன்று கிலோ. மகள் கம்சனாவின் தராசு அறுபத்தொன்று காட்டும், அது பொய் சொல்கிற தராசு. சப்பாத்து முப்பத்தேழு, மாற்றிவிட்டேன். பலகையை விற்கச் சொன்னது இவருக்குக் கொஞ்சம் மனவருத்தம். "கதவு" என்று எழுதியதை நான் வாசித்துக் காட்டியிருக்கக் கூடாது.

விழுவது எப்போதும் பின்பக்கம். முன்னே வைப்பது வலது கால். இதில் கேட்க என்ன இருக்கிறது? வாடகைக் கடையில் இருந்த பெடியனும் இதைத்தான் கேட்டான், இடதா வலதா என்று. நல்ல காரியம் தொடங்குகிறேன், வலது காலை விட்டு வேறு எதைச் சொல்வது? யோசிக்காமல் வலது என்றேன். அவனும் அப்படியே பூட்டித் தந்தான்.

பிடித்தது எது என்று கேட்டீர். அதை எழுத எனக்கு நாலு நாள் பிடித்தது. குதிப்பது, சுற்றுவது ஒன்றும் எனக்கு வேண்டாம், இடுப்பு வேண்டும். புடவைக் கடையில் துணி வெட்டும்போது கத்தரிக்கோலைத் திறந்து மூடாமல் ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு போவார்களே, அந்தச் சத்தம் பலகையின் விளிம்பில் கேட்டது. அது இன்னொரு முறை கேட்க வேண்டும், இன்னும் வேகமாக. வேகத்துக்கு எனக்குப் பயம் வரவில்லை என்பதை இவருக்குச் சொல்லவில்லை. அவர் கீழே தேத்தண்ணீர்ப் போத்தலோடு நின்று "போதும், காணும் குமுது, வாரும்" என்று கத்திக்கொண்டே இருப்பார்.

நீர் கேளாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். விவாகரத்து முடிந்த வருடம் நத்தார்ப் பண்டிகைக்கு உமக்குப் போன் எடுத்தேன். இப்படி ஓர் எண்ணே இல்லை என்று ஒரு பெண் குரல் ஜெர்மனில் சொன்னது. எண்ணை மாற்றுகிறவர் ஓர் ஆளுக்குச் சொல்லிவிட்டு மாற்றக் கூடாதா? என் தம்பி பிழை விட்டிருக்கலாம். நான் உமக்கு என்ன செய்தேன்?

குமுதினி

---

சொன்ட்ஹோஃபன்
8 பெப்ரவரி 2025

குமுதினி அக்கா,

வலது கால் என்று வாசித்ததும் நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் மெழுகு உருக்கிப் பூசும் இஸ்திரிப் பெட்டியை அப்படியே பலகையில் வைத்துவிட்டு ஓடி வந்தார். அவருக்கு விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் ஆனது. நல்ல நேரம் பார்த்து ஸ்நோபோர்ட் பூட்டிய ஒரே மனிதர் நீங்கள்தான் என்று இப்போது இந்தக் கடை முழுக்கத் தெரியும்.

நான் கல்யாணமாகி உங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்த அன்றும் ஆலாத்தித் தட்டோடு வாசலில் நின்றது நீங்கள்தான். "வலது காலை வையும் பிள்ளை, அவசரப்படாதையும், சேலை தடக்கும்" என்றீர்கள். அந்தக் கூட்டத்தில் என் சேலையைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

வாசலுக்கு அது சரி. பனிக்குச் சரிவராது. யாரையாவது உங்களைப் பின்னால் இருந்து தள்ளச் சொல்லுங்கள். எப்போது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. விழப்போகும்போது எந்தக் கால் உங்களைக் காப்பாற்ற ஓடுகிறதோ அதுதான் முன்கால். அது இடது என்று வந்தால், நீங்கள் டிசம்பரிலிருந்து மாறிய காலோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறீர்கள்.

இனிப் பலகை. உண்மையைச் சொல்கிறேன். குமுதினி அக்கா படுக்கை விரிப்புக்கும் இஸ்திரி போடுபவர், நிதானமானவர், அவருக்கு மெதுவாக வளைகிற, எதையும் மன்னிக்கிற பலகை போதும் என்று ஒன்றை எடுத்துத் துடைத்தும் வைத்துவிட்டேன். பிறகு கத்தரிக்கோல் பற்றி எழுதியதை வாசித்தேன். துடைத்ததைத் திருப்பி மாட்டிவிட்டேன். அந்தப் பலகை வேகத்தில் நடுங்கும், உங்களுக்கு ஒரு மாதத்தில் அலுத்துவிடும்.

அனுப்புவது நூற்று நாற்பத்து நான்கு. நடுத்தர விறைப்பு. முன்முனையான மூக்கு பின்முனையான வாலை விடக் கொஞ்சம் நீளம், அதனால் முன்னோக்கி ஓடத்தான் அதற்கு ஆசை. காலுக்குக் கீழே தட்டை, இரண்டு முனையும் சற்று மேலே எழும்பியிருக்கும், பழகும் நாட்களில் விளிம்பு தட்டி விழுத்தாது. நடுவில் விளிம்பை நானே தீட்டியிருக்கிறேன், அது வெட்டும். வாடிக்கையாளர் ஓடிப் பார்க்க வைத்திருந்த பலகை, கடை அகற்றப் பார்த்தது, நான் கேட்டு வாங்கினேன். காலைப் பூட்டும் பிண்டுங் இரண்டையும் பூட்டாமல் அனுப்புகிறேன். தள்ளிப் பார்த்த பிறகு பூட்டுங்கள்.

எண்ணை மாற்றியது உங்களுக்காக இல்லை. உங்களுக்கு மட்டும் சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் தம்பிக்கும் அக்காவுக்கும் நடுவில் உங்களை நிற்க வைத்ததாகிவிடும் என்று விட்டேன். நாற்பத்தேழு வயதில் கதவில் ஏறி மலை இறங்கியவருக்கு நடுவில் நிற்பது ஒரு பாரமாக இருந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

ஜசிந்தா

---

ஹனோவர்
24 பெப்ரவரி 2025

ஜசிந்தா,

இடது!

கம்சனாவிடம் தள்ளச் சொல்லி வைத்தேன். அவள் இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை, மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். குசினியில் சமையலை முடித்துச் சம்பல் கோப்பையோடு திரும்புகிறேன், பின்னால் இருந்து ஒரே தள்ளு. சம்பல் சுவரில். "அம்மா, இடது கால்! வடிவாப் பாத்தனான், இடது!" என்று துள்ளுகிறாள். இவர் எட்டிப் பார்த்து, "அப்ப இவ்வளவு நாளும் பின்பக்கமாவே மலை இறங்கினனீர்?" என்றார். கதவுக்குப் பழி வாங்கிவிட்டார்.

பலகையை வெளியே எடுத்ததும் வீட்டில் எல்லோரும் ஓடி வந்து பார்த்தார்கள். அடிப்பக்கம் அப்படி மினுங்கியது. ஜசிந்தா, உம்முடைய வேலையை நான் முன்பு ஒருநாளும் பார்த்ததில்லை. கடையில் வேலை என்று நீர் சொல்வீர், நாங்களும் கடை என்று விட்டுவிடுவோம். விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தேன், ஒரு முனையிலிருந்து மற்ற முனை வரைக்கும் ஓர் இடத்திலும் தட்டவில்லை. நான் ஊசியோடு வேலை செய்கிறவள், கூர் என்றால் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை பிரவுன்லாகே போனோம். இடது காலை முன்னே வைத்துப் பூட்டி எழும்பியதுமே உடம்பு வேறு உடம்பாக இருந்தது. விழுந்தேன்தான், இந்த முறை எனக்கு ஏன் விழுந்தேன் என்று தெரிந்தது. மத்தியானத்துக்கு முதல் ஒரு பக்கம் திரும்பினேன், பிறகு மறுபக்கமும் திரும்பினேன். நடுவில் அந்தச் சத்தம். கீழே வந்து பனியில் இருந்துகொண்டு அழுதேன். இவர் இடுப்பு போய்விட்டது என்று பயந்து ஓடி வந்தார்.

லிஃப்டுக்கு நிற்கும்போது ஓர் இளந்தாரி என் பலகையைத் திருப்பிப் பார்க்கலாமா என்று கேட்டான். நன்றாகப் பார்த்துவிட்டு, யார் இதைத் தீட்டியது என்று கேட்டான். என் மச்சாள் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான், இனி அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று யோசித்தேன். அவன் அதற்குள், "நல்ல மச்சாள்" என்று சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறிவிட்டான்.

ஏப்ரல் முதல் கிழமை எனக்கு லீவு. மேலே இன்னும் பனி இருக்கும் என்கிறார்கள். வரட்டுமா?

குமுதினி

---

சொன்ட்ஹோஃபன்
15 மார்ச் 2025

குமுதினி அக்காவுக்கு,

பேர்லினிலிருந்து எங்கள் எல்லோருக்கும் தெரிந்த சுந்தரேஸ்வரி அன்ரி பேரப்பிள்ளைகளோடு பனி பார்க்க இங்கே வந்தார். பிள்ளைகளுக்குச் சறுக்கு வண்டி வாடகைக்கு எடுக்க எங்கள் கடைக்கே வந்துவிட்டார். நிருஜனுக்கு மே மாதம் கல்யாணம் என்று அவர்தான் சொன்னார். பெண்ணின் பெயர் பிரபாலினியாம், பிராங்பேர்ட்டில் வங்கியில் வேலையாம்.

நிருஜன் நன்றாக இருக்க வேண்டும். இதை உண்மையாகவே எழுதுகிறேன். அதில் எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் நீங்கள் ஜனவரியில் எழுதும்போதே உங்களுக்கு இது தெரிந்திருக்கும். மே மாதம் அதே வாசலில் அதே தட்டோடு நிற்கப் போகிறீர்கள். ஒரு வாசலில் ஒருவர்தான் வர முடியும். நீங்கள் இங்கே வந்து போனால், போன பிறகு நான்தான் அந்த வாசலை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால் ஏப்ரலில் வர வேண்டாம்.

பலகை உங்களுடையதுதான். பருவம் முடிந்ததும் பிண்டுங் ஆணிகளைச் சற்றுத் தளர்த்துங்கள். மெழுகைத் தடிப்பாகப் பூசிச் சுரண்டாமல் விடுங்கள். சூடான இடத்தில் வைக்க வேண்டாம்.

ஜசிந்தா

---

ஹனோவர்
23 மார்ச் 2025

ஜசிந்தா,

உமக்குக் கோபம் வந்தால் எனக்கும் வரும். எனக்குக் கூடவே வரும்.

ஓம், எனக்குத் தெரியும். எழுதினால் நீர் பதில் போடுவதை நிறுத்திவிடுவீர் என்று எழுதவில்லை. நிறுத்தித்தானே விட்டீர். நிருஜன் என் தம்பி. அவன் யாரைக் கூட்டி வந்தாலும் நான் தட்டோடு நிற்பேன், அது என் வேலை.

ஆனால் ஒரு வாசலில் ஒருவர்தான் என்று உமக்கு யார் சொன்னது? நீரும் அவனும் கோர்ட்டில் பிரிந்தீர்கள். அந்த வழக்கில் நான் இல்லை. எனக்கு மச்சாள் வேண்டுமா, வேண்டாமா என்று எந்த நீதிபதியும் என்னைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. நான் உம்மை விட்டுப் பிரிவதாக ஓர் இடத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

ஏப்ரலில் வரவில்லை. அவ்வளவுதான் உமக்காக விட்டுத்தருவேன்.

குமுதினி

---

ஹனோவர்
8 ஜூன் 2025

ஜசிந்தா,

நீர் பதில் போடவில்லை. பரவாயில்லை, உமக்குச் சொல்லாமல் இருக்க முடியாத ஒன்று நடந்தது.

கல்யாணம் முடிந்து பொம்பிளை மாப்பிள்ளை வாசலுக்கு வந்தார்கள். நான் தட்டோடு நிற்கிறேன். அம்மா எனக்குப் பக்கத்தில். அந்தப் பிள்ளை பிரபாலினிக்குக் காலையிலிருந்து சாப்பாடு இல்லை, சேலைக் கரை குதி உயர்ந்த செருப்பில் மாட்டி ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கிறாள். நான் வாயைத் திறந்தேன். வலது கால் என்று வர வேண்டிய இடத்தில் எனக்கு உம்முடைய நினைவு வந்துவிட்டது.

"பிள்ளை, எந்தக் கால் வருதோ அதை வையும்" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. ஐயர் தொண்டையைச் செருமினார். வீடியோக்காரர் திரும்ப ஒரு முறை சொல்லச் சொன்னார். பிள்ளை இடது காலை வைத்து விழாமல் உள்ளே வந்தாள். ஒரு பூகம்பமும் வரவில்லை. எல்லோரும் சாப்பிட்டார்கள்.

அடுத்த நாள் அவள் என்னைத் தனியாகப் பிடித்து, "அக்கா, ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று கேட்டாள். சம்பல் கோப்பையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். உம்மைப் பற்றியும் சொன்னேன். மறைக்க நீர் என்ன குற்றமா? அவள் கேட்டுவிட்டு, "அவவுக்கு இதெல்லாம் வடிவாத் தெரியும் போல" என்றாள். ஓம், அவளைப் போல ஒருத்திக்கும் தெரியாது என்றேன். இதை நான் பெருமையாகத்தான் சொன்னேன், உமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.

நீர் சொன்னபடியே மெழுகு பூசிப் பலகையை நிலவறையில் வைத்திருக்கிறேன். போய்ப் போய்ப் பார்ப்பேன். இனி நான் எழுத மாட்டேன். கோபம் இல்லை. என் காலை நான் வைத்துவிட்டேன், இனி உம்முடைய முறை.

குமுதினி

---

சொன்ட்ஹோஃபன்
30 நவம்பர் 2025

மச்சாள்,

ஜூன் கடிதத்துக்கு மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு முறையும் நன்றி என்று தொடங்கியது, ஒவ்வொரு முறையும் அந்தச் சொல் போதாமல் இருந்தது. இன்று காலை மலையில் பனி விழுந்தது, வெறும் கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பலகை கேட்டு வருகிற எல்லோரிடமும் நான் எந்தக் கால் முன்னே என்று கேட்கிறேன். எத்தனையோ வருடமாகக் கேட்கிறேன். என் வேலையில் அதை விடச் சாதாரணமான கேள்வி இல்லை. அதை எடுத்துக்கொண்டு போய், ஐயரும் அம்மாவும் வீடியோக்காரரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கல்யாண வாசலில் வைத்த ஆள் நீங்கள். உங்களை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது மச்சாள். முன்பும் அப்படித்தான் இருந்தது, அப்போது சொல்லத் தெரியவில்லை. அந்தப் பிள்ளை விழாமல் உள்ளே போனதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். அவவிடம் சொல்லுங்கள்.

ஜனவரியில் லீவு போடுங்கள். இங்கே பக்கத்தில் ஒபர்யோக்கில் அகலமான, சனம் குறைந்த ஒரு சரிவு இருக்கிறது, உங்கள் கத்தரிக்கோலுக்கு என்றே செய்தது போல. பலகையைக் கொண்டுவாருங்கள், இரண்டாவது பருவத்துக்கு உங்கள் பிண்டுங்கை நான் கொஞ்சம் பின்தள்ளிப் பூட்ட வேண்டும், இப்போது உங்களுக்கு வேகம் கூடியிருக்கும். யோகலிங்கம் அண்ணை கீழே தேத்தண்ணீரோடு நிற்கட்டும். கதவு என்று எழுதியதற்கு அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்னொன்று. நான் வலது காலை முன்னே வைத்துத்தான் ஓடுவேன், பிறவியிலேயே அப்படி. அன்று நீங்கள் ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தாலும் உங்கள் வாசலில் வலது காலைத்தான் வைத்திருப்பேன். உங்களுக்கு இடது, எனக்கு வலது. ஒரே காலை முன்னே வைக்கிற இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இறங்கினால் ஒருவர் முதுகை மற்றவர் பார்த்துக்கொண்டுதான் போக வேண்டும். நீங்கள் இடப்பக்கம், நான் வலப்பக்கம் இறங்கினால் கீழே போய்ச் சேரும் வரைக்கும் முகம் பார்த்துக் கதைத்துக்கொண்டே போகலாம். எங்களுக்குக் கதைக்க மூன்று வருடத்துக் கதை இருக்கிறது.

வரும்போது அந்தக் குக்கரையும் கொண்டுவாருங்கள். விசில் தபாலில் தொலையவில்லை மச்சாள். பார்சலைக் கட்டும்போது எல்லாவற்றையும் வைத்தேன், அதை மட்டும் வைக்கக் கை வரவில்லை. என் மேசை லாச்சியில் பிண்டுங் ஆணிகளோடு இருக்கிறது.

உங்கள் மச்சாள்,
ஜசிந்தா